தங்கச்சிக்கு நான் வாசித்துக் காட்டாத வரி

என் பாசத்துக்குரிய தங்கச்சி வதனி,

உன் மகள் ஆரணி நேற்றுப் பின்னேரம் நாலரைக்குத் தடுப்பூசிப் படிவத்தில் கையெழுத்து வைத்தாள். பார்த்த சாட்சி நான்தான். வில்லரேயில் என் வீட்டுக் குசினி மேசையில், என் பேனையால் வைத்தாள். பதினாலு வயதானால் பிரெஞ்சு பேசும் இந்த மாகாணத்தில் பிள்ளை தானே ஒப்பமிடலாம். பள்ளிக்கூடத் தாதியிடம் தொலைபேசியில் கேட்டு அதையும் உறுதிசெய்தேன்.

நாலாம் வகுப்பில் அவளுக்கு வந்த அதே ஊசி. அன்று நீ உன் ரொக்ஸ்பரோ வீட்டிலிருந்து படிவத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

“அண்ணை, முழுக்கப் பிரெஞ்சு. என்ன ஊசியாம்?”

இரண்டாவது வரியிலேயே இருந்தது: கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். அதற்குக் காரணமான எச்பிவி வைரஸ் பாலுறவால் தொற்றும் என்பது மூன்றாவது வரி. நான் முப்பது வருடமாகச் செய்தி எழுதுகிறவன். இந்தச் சொற்களை எத்தனையோ முறை அச்சில் போட்டிருக்கிறேன். தங்கச்சியிடம் சொல்ல வாய் வரவில்லை.

“அது பெரிய ஆக்களுக்கு வாற ஏதோ வருத்தத்துக்காம். அவசரமில்லை. பேந்து பாப்பம்.”

“அப்ப வேண்டாம் எண்டே போடுறன். ஊசியெண்டால் உங்கட மருமகள் வீட்டை ரெண்டாக்குவாள்.”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அந்த ஊசி உன்னைக் காப்பாற்றியிருக்காது, அது பிள்ளைக்கானது. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், நீ ஒருமுறையாவது சோதனைக்குப் போயிருப்பாயா?

இரண்டு வருடம் கழித்து மருத்துவர் அதே சொல்லைச் சொன்னபோதும் மொழிபெயர்க்க நான்தான் பக்கத்தில் இருந்தேன். “வயித்துக்குள்ள ஒரு கட்டியாம்” என்றேன். நீ கைப்பையை மூடிக்கொண்டு, “எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு விளங்கும் அண்ணை” என்றாய். பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அந்த அறையில் உனக்குப் பழைய படிவம் ஞாபகம் வந்ததா?

உன் மரண அறிவித்தலையும் நான்தான் எழுதினேன். ‘சுகவீனம் காரணமாக’ என்று போட்டேன். ஒருவரும் திருத்தவில்லை.

நேற்று ஆரணி பள்ளிக்கூடப் பையோடு நேரே என்னிடம் வந்தாள்.

“மாமா, அப்பா வேண்டாமாம். அது பெடியங்களோட திரியிற பிள்ளையளுக்குப் போடுற ஊசியாம். வேலையிடத்தில ஆரோ சொன்னவையாம்.”

“நீ என்ன நினைக்கிறாய்?”

“தெரியேல்லை. அம்மாவுக்கு என்ன வருத்தம், மாமா? எல்லாரும் கட்டி எண்டுதான் சொல்லீனம். அந்தக் கட்டிக்குப் பேர் இல்லையோ?”

சொன்னேன். நோயின் பேர், அது வரும் வழி, நாலாம் வகுப்புப் படிவம், நான் உன்னிடம் மறைத்தது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். வேறு யாரோ செய்தி வாசிப்பதுபோல என் குரல் எனக்குக் கேட்டது. அழுகை வரவில்லை. அவளும் அழவில்லை.

“அம்மா உங்களோட கோவிக்கேல்லையோ?”

“இல்லை.”

“நான் எண்டால் கோவிச்சிருப்பன். பேனையைத் தாங்கோ.”

கையெழுத்து வைத்ததும் படிவத்தை மடித்து என்னிடமே தந்தாள். “அப்பாவுக்கு ஒளிச்சுப் போடமாட்டன். அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டது நீங்கள். அப்பாட்டயும் நீங்களே சொல்லுங்கோ. அவர் ஓம் எண்டாத்தான் பள்ளிக்கூடத்தில குடுப்பன்.”

மச்சானுக்கு உன் வருத்தத்தின் பேர் தெரியும். இந்த ஊசி அந்த வருத்தத்தைத் தடுக்கத்தான் என்பது தெரியாது. அவரிடமும் ஒருவரும் சொல்லவில்லை. மச்சானும் மச்சானும் இருந்து கதைக்கிற கதையா இது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் ரயிலில் ரொக்ஸ்பரோவுக்குப் போகிறேன். படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவருக்குத் தமிழில் வாசிப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. இந்தக் கடிதத்தையும் கொண்டுபோகிறேன். அவரும் ஆரணியும் வாசித்துச் சம்மதித்தால்தான் எங்கள் பத்திரிகையில் அச்சுக்குப் போகும்.

மச்சானின் பதில் இன்னும் தெரியாது. ஞாயிறு பின்னேரத்துக்குள் தெரியும். தாதி பள்ளிக்கூடத்துக்கு வருவது வருகிற வியாழன் காலை, முதலாம் பாடவேளையில்.

உனக்கு முன் பிறந்தவன்,
அண்ணை