கெஸையா போட்ட குறி

நாட்செஸ், மிசிசிப்பி
அக்டோபர் 9, 1996

அன்பு மகள் ரோஸெட்டாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக நொண்டிக்கொண்டிருக்கிறது. அந்த அலாஸ்காப் பனியில் உன்னையும் ஆண்டவர் சுகமாக வைக்கட்டும்.

வாஷிங்டனிலிருந்து பென்ஷன் கோப்பு வந்துவிட்டது, தொண்ணூற்று நான்கு பக்கம். நான் அதை எதற்குக் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காகச் சண்டை போட்ட என் கொள்ளுத்தாத்தா பிரின்ஸ் செத்த பிறகு, கொள்ளுப்பாட்டி ஹெஸ்டரின் விதவைப் பென்ஷனைத் தட்டிப் பறிக்க கெஸையா என்பவள் அதிகாரியிடம் போனாள் என்றுதானே நம் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் திட்டுகிறோம். அவள் வம்சத்து வெர்லீன் சர்ச் விருந்துக்குக் கொண்டுவரும் உருளைக்கிழங்கு சாலட்டை நம் ஆட்கள் ஒரு கரண்டி தொட்டதில்லை. ஆதாரத்தோடு வந்து நிற்கிறேன் பார் என்று சபைக்கு முன்னால் நானே சவால் விட்டிருந்தேன், அம்மா அப்போதே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அறுபத்தோராம் பக்கத்தில் என் சவால் கவிழ்ந்துவிட்டது. கெஸையாதான் பிரின்ஸின் முதல் மனைவியாம். அடிமைக் காலத்தில் எஜமான் அவளையும் கைக்குழந்தையையும் லூசியானாவுக்கு விற்றுவிட்டானாம். விடுதலைக்குப் பிறகு அவள் திரும்பி வருவதற்குள் பிரின்ஸுக்கும் ஹெஸ்டருக்கும் கல்யாணமாகிவிட்டதாம். முதல் மனைவி உயிரோடிருக்கிறாள் என்று அவள் உரிமை கேட்டிருந்தால் ஹெஸ்டருக்கு ஒரு காசு கிடைத்திருக்காது. பென்ஷன் வேண்டுமா என்று அதிகாரி கேட்டதற்கு அவள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார்கள்: "என்னை வித்தப்பவே எங்களைப் பிரிச்சுட்டாங்கய்யா. அவரு இருமி இருமிக் கிடந்தப்போ கஞ்சி ஊத்துனது ஹெஸ்டர்தான். அவகிட்டயே குடுங்க." எழுதத் தெரியாதவள், கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. மாதம் எட்டு டாலர், அதில்தான், ரோஸெட்டா, ஹெஸ்டரின் மகனான என் தாத்தா பள்ளிக்கூடம் போனார், அந்த வழியில்தான் நீயும் நர்ஸாகி நிற்கிறாய். நான் மேசையிலேயே அழுதேன், வெட்கமும் நன்றியும் சேர்ந்து.

மறுநாளே அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வெர்லீன் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "அப்போ எல்பர்ட், இத்தனை வருஷமா என் சாலட்டுல குத்தம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். ஒரு தட்டு நிறைய சாலட் வைத்தார், துடைத்துத் தின்றேன், கடுகு கொஞ்சம் அதிகம்தான் ஆனால் அதை நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் எழுந்து நின்று அந்தப் பக்கத்தை நானே வாசித்தேன்.

குளிரில் எஞ்சின் உறைந்துபோகாமல், ராத்திரியில் காரின் சூடேற்றும் கம்பியை மின்சாரத்தில் செருகி வைக்க மறக்காதே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது முதலில் வெர்லீன் வீட்டுக்குப் போவோம். அந்தக் கைக்குழந்தை வழியில் வந்தவர் அவர், பிரின்ஸின் ரத்தம், இனி மிஸ் வெர்லீன் என்று சொல்லாதே, அத்தை என்று கூப்பிடு. கர்த்தர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பாவும் வெர்லீனின் தம்பியுமான
எல்பர்ட்