வாளியில் தடவிய சுண்ணாம்பு

திருவட்டாறிலிருந்து வரும் பேருந்தில் நேற்று ஒருவர் ரப்பர் ஷீட் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினார். வேறு இடமே இல்லாததுபோல் அதை என் காலடியில் சாய்த்து வைத்துவிட்டு, தான் போய் முன்னால் நின்றுகொண்டார். புகையும் புளிப்பும் கலந்த அந்த நாற்றம் வடசேரி வரும்வரை என்னை விடவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடத்துநரிடம் சண்டை போட்டார். நான் காலைக்கூட நகர்த்திக்கொள்ளவில்லை. அந்த நாற்றம் எனக்குப் பிடிக்கும் என்றில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, உன்னைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களிடம் பேசுவதைவிட உன்னிடமே பேசுவது எளிது. குறுக்கே யோசனை சொல்ல இப்போது நீ இல்லை.

யோசனை சொல்வதுதான் உன் வியாதி. இண்டர்மீடியட் முதல் வருடம் முடிந்த கோடையில் நாம் வேலை தேடி அலைந்தது நினைவிருக்கும். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. என் அப்பா கோட்டாறு சந்தையில் ஒரு மொத்தக் கடையில் சம்பளத்துக்கு நின்றார்; எனக்குக் கீழே வீடு நிறையத் தம்பி தங்கைகள். உன் அப்பாவுக்குக் குளச்சலில் கருப்பட்டிக் கடை, வியாபாரம் படுத்துவிட்டது என்று நீ சொல்லியிருந்தாய். விடுமுறையில் எங்காவது வேலை கிடைத்தால் இரண்டாம் வருடம் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. நம் இருவருக்குமே அதுதான் நிலைமை.

கல்லூரி மாணவனுக்கு அன்று நாகர்கோவிலில் வேலை கொடுக்க யாரும் தயாராக இல்லை. படிக்காதவன் என்றால் மூட்டை தூக்கச் சொல்லலாம், படித்து முடித்தவன் என்றால் கணக்கெழுதச் சொல்லலாம், பாதி படித்தவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர்கள் கவலை. ஜூன் பிறந்தால் ஓடிவிடுவோம் என்பது இன்னொரு கவலை. அது நியாயம்தான், ஓடத்தான் போகிறோம். கோட்டாறில் ஒரு அரிசிக் கடைக்காரர் மட்டும் கொஞ்சம் இளகினார். நீ சும்மா இருந்தாயா? மூட்டைகளை இப்படி அடுக்கினால் அடிமூட்டை வேர்த்துப்போகும், கீழே பனைமட்டை போட்டு அடுக்கலாமே என்றாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ வேல கேக்க வந்தியா, வேல சொல்லித்தர வந்தியா?”

அத்தோடு அந்தக் கடையும் போயிற்று. தெருவுக்கு வந்து நான் உன்னைத் திட்டினேன். “சொன்னது சரிதானே மக்கா” என்றாய். சரிதான். சரியாகச் சொன்னவனுக்கு எங்கே வேலை கொடுக்கிறார்கள்?

பிறகு வடசேரிச் சந்தையில் ஒரு ரப்பர் எஸ்டேட் லாரியைப் பார்த்தோம். அதிலிருந்து ஆண்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பதனீர்க் காலம். மலையில் கூலிக்கு நிற்கிறவர்கள் பனை ஏறுவதற்காகக் கீழே வரும் பருவம் அது. மலையில் ஆள் இல்லை, பால் சுமக்கக்கூட ஆள் தட்டுப்பாடு என்று லாரிக்காரர் சொன்னார். அதே லாரியில் நாம் ஏறிக்கொண்டோம். நம் வகுப்பிலேயே படித்த பார்வதிபுரத்துப் பையன் ஒருவனும் சேர்ந்துகொண்டான். இறங்கியவர்களின் முகத்தைப் பார்க்காமல் நீ மறுபக்கம் திரும்பி நின்றதைக் கவனித்தேன். வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். தனியாருடையது, இப்போது கைமாறிவிட்டது. நமக்குக் கிடைத்த வேலையைக் கழுதைகூட இரண்டு நாளில் கற்றுக்கொண்டிருக்கும். விடியுமுன் பால் வெட்டுகிறவர்கள் மரத்தைக் கீறிவிட்டுப் போவார்கள். சிரட்டைகளில் பால் சொட்டி நிறையும். அதை அவரவர் வாளியில் சேர்த்துத் தருவார்கள். நாம் சரிவிலிருந்து ஸ்டோருக்குச் சுமந்து வர வேண்டும். ஸ்டோரில் கண்காணி அளந்து எழுதுவார். அவருக்குத் தீராத பல்வலி, எந்நேரமும் கன்னத்தில் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். நம்மை ‘காலேஜ்’ என்றுதான் கூப்பிடுவார். “காலேஜே, வாளிய பைய வை.”

நமக்கு வாய்த்தது தங்கம்மை அக்காவின் சரிவு, எல்லாவற்றிலும் தொலைவானது. கணவன் விட்டுப் போனவள், வயதான தாயோடு எஸ்டேட் லயத்தில் ஓர் அறையில் இருந்தாள். அவளுடைய பாலை நாம் சுமந்து வருவதற்குள் வெயில் ஏறிவிடும். வாளியில் பாதி திரிந்து கட்டியாகிவிடும். திரிந்தது ஒட்டுபால், அதை ஒரு மூலையில் எறிந்துவிட்டு மீதியைத்தான் அவள் பெயரில் எழுதுவார்கள். அவள் யாரையும் குறை சொன்னதில்லை. “வெயிலு அடிச்சா திரியத்தான் செய்யும் மக்களே. நீங்க ஓடி விழுந்து காலு ஒடிச்சுக்கிடாண்டாம்” என்பாள். எனக்கு அந்த அக்காவைப் பிடிக்கும். உனக்கோ அந்தத் திரிந்த பாலைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரவெல்லாம் அதைப் பற்றியே பேசினாய். காலையில் எனக்கு முன்னால் எழுந்து போய்விட்டாய்.

அன்று வாளியைத் தூக்கியபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பாதி வழியில் பால் தளும்பவில்லை. ஸ்டோரில் கவிழ்த்தபோது மொத்தமும் தயிர்க்கட்டியாக விழுந்தது, வாளியின் உள்சுவரில் வெள்ளையாக ஒரு பூச்சு. கண்காணி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். அவர் முகம் மாறிவிட்டது. அதற்கு முன்பு யாரோ பாலில் கஞ்சித்தண்ணீர் கலந்து எடையைக் கூட்டியிருக்கிறார்கள். அந்தச் சூடு அவருக்கு ஆறவில்லை.

“சுண்ணாம்பு. எடை கூட்ட வேண்டிப் போட்டிருக்கா. நாளைக்கு விடியும்ப அவ லயத்துல இருக்கப்பிடாது.”

தங்கம்மை அக்கா வந்து நின்றாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே ஒரு முறை சொன்னாள். இரண்டாம் முறை சொன்னாலும் பயனில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து இறங்கினால் போவதற்கு அவளுக்கு இடம் கிடையாது, அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

நீ முன்னால் வந்தாய். “அவியளில்ல. நானாக்கும் போட்டது.”

கண்காணி உன்னை நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை. “படிக்கிய பய, ஒனக்கு எதுக்கு சுண்ணாம்பு? அவளுக்கு வேண்டி சாட்சி சொல்லாத. அங்கோட்டு மாறி நில்லு” என்றார். அந்த இடத்தில் நீ மாறி நின்றிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர் பாடு என்று விட்டிருந்தால் உன்னை ஒருவரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. வேலையும் இருந்திருக்கும், கல்லூரியும் இருந்திருக்கும்.

நீ என்னையும் பார்வதிபுரத்துப் பையனையும் ஒரு முறை பார்த்தாய். பிறகு கண்காணியிடம் சொன்னாய்.

“எங்க அப்பா பனையேறி. எங்களுக்கு கடையொண்ணும் கெடையாது. பதனி புளிக்காம இருக்கியதுக்கு கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுவோம். பாலும் அதுபோல நிக்கும்னு நெனச்சேன். அக்காக்க வாளியில இன்னைக்கு காலத்தே நான் தடவினேன். அவியளுக்கு தெரியாது.”

பார்வதிபுரத்தான் சிரித்துவிட்டான். கண்காணி சிரிக்கவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவையும் ஒரு தகரப் பாத்திரத்தையும் உன் முன்னால் தள்ளி, “செஞ்சு காட்டு” என்றார்.

நீ குந்தி உட்கார்ந்து சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்தாய். இரண்டு விரலால் அடியில் ஒரு தீற்று. பாத்திரத்தை உள்ளங்கையில் சுழற்றிக்கொண்டே சுவர் முழுக்க ஒரு பூச்சு. கவிழ்த்து ஒரு தட்டு, மிச்சம் தரையில் சொட்டியது. எல்லாம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து நூற்றுக்கணக்கான கலயம் பூசிய கை அது. உன் பக்கத்தில் ஒரு வருடம் உட்கார்ந்து அந்தக் கை குறிப்பெழுதுவதை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். கண்காணி கிராம்பை மறு கன்னத்துக்கு மாற்றினார். தங்கம்மை அக்காவைப் பார்த்து, “நீ போய் ஜோலியப் பாரு” என்றார். உன்னைப் பார்த்து லாரியைக் காட்டினார்.

எனக்கு உன்மேல்தான் கோபம். லாரிவரைக்கும் உன்னோடு நடந்தேன்.

“எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நீ வீட்டுக்கு வாறேன்னு சொல்லுவ. வராதன்னு ஒன்னட்ட எப்பிடி சொல்ல?”

நானும் வருகிறேன் என்று என் பெட்டியை எடுக்கப் போனேன். நீ தடுத்துவிட்டாய். “நீ இரி மக்கா. எல்லாவனும் எறங்கிப் போனா அடுத்த வருசம் காலேஜ் பயலுவள இங்க எவன் எடுப்பான்?” வேலை போன நிமிடத்திலும் உனக்கு ஒரு யோசனை இருந்தது. நான் இருந்தேன். விடுமுறை முடியும்வரை அதே சரிவில் அதே வாளியைச் சுமந்தேன். வெயிலில் பால் திரிந்துகொண்டுதான் இருந்தது.

உன் பிற்காலம் ஊருக்கே தெரியும். பனையிலிருந்து இறங்கி நீ கருப்பட்டி வியாபாரம் தொடங்கியது, பிள்ளைகள் படித்தது, ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒரு மாணவனைக் கூட்டிக்கொண்டு கடை கடையாய் ஏறி இறங்கியது. என் அலுவலகத்துக்கும் எத்தனை பேரை அனுப்பினாய் என்று எனக்குக் கணக்கில்லை. அனுப்பும்போது ஒவ்வொருவனிடமும், “தெரிஞ்சதுன்னாலும் ஒருக்க கேட்டுட்டுச் செய்யி” என்று சொல்லி அனுப்புவாயாம். அவர்கள் வந்து அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். உன் இறப்புக்கு வந்தவர்கள் அதையெல்லாம் நிறையப் பேசினார்கள். நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அந்த ஜூன் மாதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி திறந்து நீ வரவில்லை. வகுப்பில் பார்வதிபுரத்தான் கதையைப் பரப்பிவிட்டிருந்தான். அவனோடு நான் அதற்குப் பிறகு பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் ஊரை விசாரித்துக்கொண்டு பனங்காட்டுக்கு வந்தேன். மரத்தடியில் உன் அப்பா ஒரு காலை நீட்டி உட்கார்ந்து பாளை சீவும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். முந்தின வருடம் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர் என்று அன்றுதான் தெரிந்தது. மகன் பனையில் கால் வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவரும் அவர்தான். அதனால்தான் நீ மலைக்கு வந்திருக்கிறாய். மலையும் இல்லை என்றான பிறகு அவரால் உன்னைத் தடுக்க முடியவில்லை.

நான் யார் என்று சொன்னதும் அவர் கேட்டார். “காலேஜுல இவனுக்க எடம் இருக்கா?”

“மாசக் கடைசி வர உண்டு” என்றேன்.

அவர் திரும்ப அரிவாளை எடுத்துக்கொண்டார். மேலிருந்து உன் குரல் வந்தது. “இரி மக்கா, எறங்கி வாறேன்.”

இறங்கி வந்தாய். மார்பு முழுக்கப் பனை உராய்ந்த காயம், சில இடத்தில் புதியது. பனையோலைப் பட்டையைத் தொன்னைபோல் கோட்டிப் பதனீர் ஊற்றிக் கொடுத்தாய். நான் கல்லூரியைப் பற்றிப் பேசினேன். புது ஆங்கில ஆசிரியர் வந்திருப்பதைச் சொன்னேன், முதல்வரைப் பார்த்து அவகாசம் கேட்கலாம் என்றேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இந்த வருசம் இல்ல மக்கா” என்றாய். எந்த வருடமும் இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும், அவர் தீட்டுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

“அக்காவ வேலையில வச்சிருக்காவளா?”

“வச்சிருக்காவ. அதே சரிவுதான்.”

“அப்பம் சரி” என்றாய். கலயத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு அடுத்த பனைக்குப் போய்விட்டாய்.

அதன் பிறகு நானும் எவ்வளவோ பேரைப் பார்த்துவிட்டேன். படிப்பை விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு, விட்டுக்கொடுத்ததை ஆயுள் முழுவதும் சொல்லிக்காட்டியவர்களும் உண்டு. நீ அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. நான் எடுத்தாலும் வேறு பேச்சுக்கு மாறிவிடுவாய். உனக்கு அன்றைக்கே, அந்த மரத்தடியிலேயே அது சரியாகிவிட்டது. எனக்குத்தான் இன்றுவரை சரியாகவில்லை.