அமர நாயக்கருக்கு வந்தவர்கள்

செவ்வாய், மார்ச் 5, 2019. ஆராவ், சுவிஸ்

காலையில் ஆலங்கட்டி, பிறகு வெயில். நோட்டீஸ் முப்பது அச்சடித்தேன். "அமர நாயக்கர். சனி பி.ப. 3, தேவாலய மண்டபம். அனைவரும் வருக." தமிழ்க் கடையில் ஒன்று கொடுத்தாயிற்று.

தமிழில் என் முதல் உரை. விஷயம்: விஜயநகர அரசர் சில ஊர்களின் வரியை நாயக்கருக்கு விடுவார். நாயக்கர் அந்த வரியில் படையும் குதிரையும் வைத்திருந்து, கூப்பிட்டதும் போருக்கு வர வேண்டும். அந்த ஒதுக்கீட்டின் பெயர் அமரம்.

அப்பா: "வந்து கேக்கிறன். எனக்கு விளங்கினால் நீ டொக்டர் பட்டத்துக்குப் படி. விளங்காட்டி வங்கியில வேலை தேடு."

அவர் ஓம் என்று சம்மதிக்காவிட்டாலும் படிப்பேன். ஆனால் அந்த ஓம் எனக்கு வேண்டும். விளங்க வைப்பேன்.

வியாழன், 7

செய்ய வேண்டியவை: பால் வாங்க. உரைக்கு வரைபடம். ஃப்ரிபூர்க் வரலாற்றுப் பேராசிரியருக்கு மின்னஞ்சல்.

அம்மாவுக்குப் பகல் முழுக்கத் தொலைபேசி. "ஆர் அந்த நாயக்கர்? எந்த ஊர்?" கடைக்காரர் நோட்டீஸை மரண அறிவித்தல்களோடு ஒட்டியிருக்கிறார். பிழை என்னுடையதுதான். நம் ஆட்களுக்கு அமரர் என்றால் செத்தவர், அமரம் யாருக்குத் தெரியும்? சிரித்து வயிறு நோகிறது. அம்மா மாற்றச் சொன்னார். மாற்றவில்லை. கூட்டமாவது வரும்.

சனி, 9

நாற்பது பேர். பாதிப் பேர் வெள்ளை உடுப்பில். ஒரு அண்ணை மலர்வளையத்தோடு. வெட்கமாகப் போய்விட்டது. எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்டேன்: இந்த நாயக்கர்கள் செத்து நானூறு, ஐந்நூறு வருடம். ஒருவரும் எழும்பிப் போகவில்லை (சாப்பாடு உண்டென்று நினைத்தார்களோ).

மலர்வளைய அண்ணை: "அப்ப காணி நாயக்கருக்குச் சொந்தமோ?"

இல்லை, வரி மட்டும்தான், அதுவும் சேவை செய்யும்வரை, அரசர் நினைத்தால் பறிக்கலாம் என்றேன். இரண்டு தரம் சொல்லியும் ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்வரிசையில் அப்பா எழும்பினார்.

"அண்ணை, இங்கத்தைய பி விசா மாதிரி. வேலை இருக்கும் மட்டும் இருக்கலாம். வேலை போனால் அதுவும் போச்சு."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கியது.

ஞாயிறு, 10

நல்ல வெயில். தேநீரோடு அப்பா வந்து பக்கத்தில் இருந்தார்.

"பி சரி. பிறகு மதுரை, தஞ்சாவூர் நாயக்கர்மார் ஊரைத் தங்கட எண்டு ஆண்டவை எண்டு நேற்று சொன்னனி. அவைக்கு சி எப்பிடிக் கிடைச்சது?"

சி என்றால் நிரந்தர விசா. அப்பா வருடக்கணக்காகக் காத்திருந்து எடுத்தது.

"அதைத்தானப்பா நாலு வருசம் படிக்கப்போறன்."

"நாலு வருசமோ? கெதியாப் படி. எனக்குத் தெரியவேணும்."