ஏறாமல், இறங்காமல்

தம்பி, இன்று காலை மோட்டார் பட்டறையில் டெஸ்டிங் மேசையின் டிராயரைத் திறந்தேன். உன் மஞ்சள் பிடி ஸ்க்ரூடிரைவர் உருண்டு வந்தது. உன் காது பட்டுப் பட்டுப் பிடியில் மழமழப்பான இடம் அப்படியே இருக்கிறது. நீ வேறு வேலைக்குப் போய் ஆறு மாதமாகிறது. மோட்டாருக்குள் கம்பி சுற்றிக்கொண்டிருந்த நான்தான் இப்போது உன் மேசையில் நிற்கிறேன்.

ஓடுகிற மோட்டாரில் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வாய். சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே கோடாக வந்தால், "ஒத்து நிக்குதுங்க்கா" என்பாய். எனக்கோ ஒத்து என்றால் முதலாளிக்கு ஜால்ரா தட்டுகிறவன் நினைவுதான் வரும்.

அந்த நாளை மறப்பேனா? வெளியே லாரி நின்றது. கடைசி மோட்டார் நான் சுற்றியது. கம்பியை ஸ்லாட்டுக்குள் தள்ளும்போது விளிம்பில் உரசியது எனக்குத் தெரியும். ஒன்றும் ஆகாது என்று அமுக்கி வைத்துவிட்டேன். மீட்டரும் சரியாகத்தான் காட்டியது. நீ மட்டும் காதை எடுக்கவில்லை.

"இதைப் பிரிக்கோணுங்க."

"மீட்டரே சரிங்குது, உன் காது என்ன பெரிய காதா?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"பிரிக்கோணுங்க."

அவர் குரல் கூரையைத் தொட்டது. நீ நாலாவது தடவையும் அதையே சொன்னாய். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அதற்கு முந்தின மாதம்தான் நான் சுற்றிய ஒன்று புகைந்துபோய், இன்னொரு தடவை ஆனால் வீட்டோடு இருந்துகொள் என்றிருந்தார்கள். உன்னை ஓரமாக இழுத்தேன். "கண்ணு, இன்னிக்கு ஒரு நாள் அவருக்கு ஒத்து ஊதிப்போட்டுப் போயிரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

நீ சிரித்தாய். "ஏனுங்க்கா, ஒத்து ஊதறதுன்னா தலையாட்டறதுங்களா? எங்க மாமன் கொடுமுடியில நாயனத்துக்கு ஒத்துக்குழல் ஊதுனவருங்க. நாயனம் ஏறும், இறங்கும், எங்கெங்கியோ போயிட்டு வரும். ஒத்து நின்ன எடத்துலயே நிக்கும். அது நவுந்துருச்சுன்னா நாயனம் திரும்பி வர எடமே இல்லீங்க. கன்னத்துல காத்தை வெச்சுக்கிட்டே மூக்குல மூச்சு இழுப்பாரு. சத்தம் அறவே அறாதுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கம்பி உரசிப்போச்சு தம்பி. தெரிஞ்சேதான் வெச்சேன்."

"அப்படீன்னா நீங்களே சொல்லிப்போடுங்க்கா."

சொன்னேன். பிரித்தார்கள். நகக்கண் அளவுக்குக் கம்பியின் எனாமல் பூச்சு போயிருந்தது, அவ்வளவுதான். லாரி நிற்க நிற்க நானே திரும்பச் சுற்றினேன். வேலை போகவில்லை, அந்த மாதம் முழுக்கத் திட்டுதான் கிடைத்தது.

அத்தனை மெஷின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு நகக்கண் காயம் உனக்கு எப்படிக் கேட்டது? இன்றைக்கும் நினைத்தால் மயிர் சிலிர்க்கிறது. அப்புறம் மகளின் அகராதியைப் புரட்டினேன். ஒத்தல் என்றால் ஒன்றுபோல் இருத்தல், இசைந்து நிற்றல் என்று போட்டிருந்தது. கொஞ்சமும் அசையாத ஒரு சத்தத்துக்கு வைத்த பெயரை எடுத்து, காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவனுக்குக் கொடுத்துவிட்டோமே! கல்யாண வீட்டில் நாயனக்காரரைத்தான் பார்த்தோம், பக்கத்தில் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தவரை யார் பார்த்தது?

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். உன் ஸ்க்ரூடிரைவரை ஓடுகிற ஒரு மோட்டாரில் ஊன்றிக் காதில் வைத்தேன். சத்தத்தில் ஏதோ லேசாகத் துடித்தது. முதலாளியின் மகன், "பாஸ் போடுங்க்கா, வண்டி நிக்குது," என்றார்.

"பிரிக்கோணுங்க," என்றேன்.

மீட்டரைக் காட்டினார். பிறகு எரிந்து விழுந்தார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை சொன்னபோது அவரே மோட்டாரைப் பிரிக்க ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

என் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை தம்பி.