விளக்கடித் தெரு

மார்ச் 3
ரேடார் நிலையத்துக்கு இது நாற்பதாவது ஆண்டாம். அதன் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில். "ரெண்டு பக்கம் போதும்பா, கொஞ்சம் வீரமா இருக்கட்டும்" என்றார் அதிகாரி. நாளெல்லாம் திரையில் புள்ளி பார்ப்பவன் வீரத்துக்கு எங்கே போவது?

மார்ச் 9
பழைய போரில் துறைமுகம் எரிந்த பிறகு, மலைமேல் துறைமுகப் பக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். எதிரி விமானத்தைத் தூரத்திலேயே கண்டு ஊரில் சங்கு ஊத வைப்பது, வேலை அவ்வளவுதான். ஆனால் மலைக்குப் பின்புறம் தாழப் பறந்து வந்தால் எங்களுக்குத் தெரியாது. மலை மறைக்கும். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அங்கே குடியிருப்பு இல்லை என்று விட்டுவிட்டார்கள். இப்போது அங்கே சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள். அக்கா வீடும்.

மார்ச் 10
அக்கா வீட்டில் சாப்பாடு. "வாடகை கூடத்தான். ஆனா தலைக்கு மேல ரேடார் சுத்துதேடா, நிம்மதியாத் தூங்கலாம்." இந்த நினைப்பில்தான் அந்தத் தெருவில் வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. விளக்கடியில்தான் இருட்டு என்று சொல்ல முடியுமா? இராணுவ ரகசியம். சொன்னால் சிறை.

மார்ச் 17
மலை மறைப்பதைப் பற்றி எழுதிய பத்தியை அதிகாரி அடித்துவிட்டார். "எதிரிக்கு நாமளே வழி காட்டணுமா?" அந்தப் பக்கம் இன்னொரு ரேடார் வைத்தால் என்ன என்று கேட்டேன். "எனக்கு முன்னாடி இருந்தவரும் கேட்டாருப்பா."

ஏப்ரல் 2
எல்லையில் சண்டை தொடங்கிவிட்டது.

ஏப்ரல் 5
சொல்லிவிட்டேன். அத்தான் வேலைக்குப் போன பிறகு, சமையலறையில் வைத்து. அக்கா அடுப்பை அணைத்தாள்.
"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"
"இல்லக்கா. நீ கிளம்பு."
"நான் மூட்டை கட்டினா, ரேடார்க்காரன் அக்காவே ஓடுறாளேன்னு தெருவே கேக்கும். உன்னைத் தூக்கி உள்ள போட்டுடுவாங்க. வாயை மூடிக்கிட்டுப் போ."
காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அசையவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாளாம், பைத்தியக்காரி!

ஏப்ரல் 11
திரையில் ஒன்றுமில்லை. சங்கு ஊதவில்லை. வெடிச் சத்தம் கேட்டுத்தான் நாங்களே வெளியே ஓடினோம். மலைக்குப் பின்னால் புகை. அத்தான் வேலையில் இருந்தார். அக்கா வீட்டில்தான் —

ஏப்ரல் 30
அவ்வளவு பெரிய ரகசியம் பத்திரிகையில் வந்து சந்தி சிரிக்கிறது. அதிகாரி என் தோளில் கை வைத்தார். "கூடப் பிறந்தவங்ககிட்டகூட நீ வாயைத் திறக்கல. பதக்கத்துக்கு எழுதியிருக்கேன்."

மே 1
அத்தான் இத்தனை நாளும் என் அறையில்தான் தங்கியிருந்தார். இன்று பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.
"உனக்கு முன்னாடியே தெரியுமா?"
தெரியும் என்றேன். அவளுக்கும் தெரியும் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.