பெரிய பேங்க் வட்டியைக் குறைத்த நாள்

இன்று காலை தோசை கருகிவிட்டது. மாடி அறையில் தங்கியிருக்கும் ஈரோட்டுக் குடும்பத்துக்காக ஊற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் டி.வி. தன்பாட்டுக்கு ஓடியது. ‘வட்டி விகிதம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கரண்டி பிடித்த கை நின்றுவிட்டது. கருகல் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான், எதற்காகக் காத்து நிற்கிறேன் என்பது எனக்கே விளங்கியது. “அம்மிணி, அடுப்ப அணைச்சுட்டு வா, சொல்லப் போறாங்க” என்று நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று நின்றிருக்கிறேன்.

நீங்கள் போன பிறகும் இப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த அறிவிப்பு வரும் காலையில், இந்த வீட்டில் நான் தனியாக இருப்பதாகவே தோன்றுவதில்லை. உங்கள் நாற்காலியைத் தாண்டிப் போகும்போது சேலையை ஒதுக்கிக்கொள்கிறேன்.

நோட்டு அடிக்கிற, நாட்டுக்கே வட்டி சொல்கிற அந்த வங்கிக்கு நீங்கள் வைத்த பெயர் ‘பெரிய பேங்க்’. கொரோனா அடங்கிய சமயம். மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டு பஜாருக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள் ஒருநாள் வேகமாக வீட்டுக்குள் வந்தீர்கள். “வட்டி இத்தன கீழ வந்ததே இல்லையாம். மாடில ரெண்டு ரூம் போட்டு, சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு வாடகைக்கு உட்டுரலாம்” என்றீர்கள். கடன் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். பெரிய பேங்க் ஏற்றினால் நம் வட்டியும் ஏறும், இறக்கினால் இறங்கும் என்று அப்போதே சொன்னார்கள். ஏறும் என்ற சொல்லை அன்றைக்கு நாம் இருவருமே சரியாகக் கேட்கவில்லை.

அறை கட்டி முடிப்பதற்குள் எல்லாமே விலை ஏறியது. சிமென்ட், கேஸ், எண்ணெய், பருப்பு. அந்த மே மாதத்தில் உங்கள் தங்கை செல்வி எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து பஜாருக்கு வந்துவிட்டு, பாதிகூட நிறையாத பையோடு நம் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“எஸ்டேட்ல கூலி ஒருக்கா ஏறுறதுக்குள்ள எண்ணெ ரெண்டு தடவ ஏறிருதுங்கண்ணா. காசு எங்கதானுங்க போகுது?”

“காசு எங்கயும் போகல கண்ணு. நொம்ப வந்துருச்சு” என்றீர்கள். அவளுக்குப் புரியவில்லை. ஏரிப் பக்கம் கையைக் காட்டினீர்கள். “சீசனுக்கு அத்தன பேரு வந்துருக்காங்க பாரு. பை நெறையக் காசோட வர்றாங்க. பஜார்ல இருக்கற தக்காளி அதே அளவுதான். அப்ப வெல ஏறுமா, ஏறாதா? கொரோனாவுல எல்லாம் நின்னு போச்சுன்னு பெரிய பேங்க் வட்டியக் கொறச்சு, நாடு முழுக்கக் காச எறக்கி உட்டுச்சு. சாமான் வர்ற வழியும் அடைபட்டுக் கெடந்துச்சு. எங்கயோ நடக்கற சண்டைல எண்ணெயும் ஏறிப்போச்சு. இப்ப நாடு பூராவும் சீசன்.”

“இந்தச் சீசன் எப்பங்கண்ணா முடியும்?”

“வட்டிய ஏத்துனா முடியும். கடன் வாங்கறவன் யோசிப்பான். காசு சுத்தறது கொறையும்.” சொல்லிவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தீர்கள்.

சொன்னபடியே ஏற்றினார்கள். அன்று சேதி முடிந்ததும் டி.வி.யை நீங்கள் அணைத்தீர்கள். பிறகு, “சரியாத்தான் பண்றாங்க” என்றீர்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“எது சரிங்க? நம்ம தலைல கல்லத் தூக்கிப் போடறதுங்களா?”

“செல்விக்கு லோனு இல்ல அம்மிணி. வெல மட்டுந்தான் இருக்குது.”

மறுபடி ஏற்றினார்கள். அதற்கடுத்தும் ஏற்றினார்கள். அறைகளுக்கும் ஆள் வருவது குறைந்தது. கடைசியில் நம் வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டாள்: “மாசம் கட்டறத ஏத்தட்டுங்களாண்ணா? இல்ல, அத அப்படியே உட்டுட்டு வருசத்தக் கூட்டட்டுங்களா?”

“கூட்டுனா எனக்கு என்ன வயசுல முடியும்?”

அவள் கணக்குப் போட்டாள். “எழுபது தாண்டுமுங்க.”

“வருசத்தையே கூட்டிருங்க. அப்ப அதுவரைக்கும் நான் சாகக் கூடாதுங்களே!” என்று சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் பீடிக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டீர்கள். விடிந்தால் ஏரியைச் சுற்றி நடை. எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடுவதில்லை. ஒரு மனிதர் கடனுக்காக உயிரைப் பத்திரப்படுத்தியதை நான் உங்களிடம்தான் பார்த்தேன்.

அப்படியும் மழைக்காலத்தில் ஒருநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் சேலத்துக்குக் கூட்டிப் போனார். வளைவுக்கு வளைவு பனிமூட்டம். உங்கள் தலை என் மடியில் இருந்தது. உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

“இன்னைக்குத்தான சொல்றாங்க... பாரு.”

போனில் பார்த்தேன். “மாத்தலையாமுங்க. அப்படியே வச்சிருக்காங்களாம்.”

“சரி. பொறுத்துக்கலாம்.”

மலை இறங்கி முடிப்பதற்குள் உங்கள் கை கனத்துவிட்டது. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது வட்டியைப் பற்றி. அந்த இரண்டு சொற்களும் எனக்கானவையா, பெரிய பேங்குக்கா, நெஞ்சு வலிக்கா என்று இன்றுவரை தெரியவில்லை. தண்ணீர் சேந்தும்போதும் துணி உலர்த்தும்போதும் அவை கேட்கின்றன.

இன்று குறைத்துவிட்டார்கள். மத்தியானம் கிளைக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்ல சேதிங்கக்கா. வட்டி எறங்குது. கட்டற தொகைய மாத்தாம உட்டா வருசம் கொறஞ்சிரும். சீக்கிரம் முடிஞ்சிரும்.”

வருசம் குறைந்துவிடும் என்று அவள் சொன்னபோது அவள் பிடியிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டேன். அவை, உயிரோடு இருக்கிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட வருடங்கள்.

“வருசத்தத் தொடாத கண்ணு” என்றேன். “மாசத் தொகையக் கொறச்சுக்க.”

“நீளமாக் கட்டுனா மொத்த வட்டி ஜாஸ்தியாகுமுங்கக்கா.”

“தெரியும் கண்ணு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தொகையைத் திருத்தி, கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள்.

சாயங்காலம் வேலை முடிந்து செல்வி வந்தாள். காப்பிச் செடியின் ஈரம் அவள் சேலையில் இன்னும் காயவில்லை. பை தரையில் கிடந்தது. “வட்டிய எறக்கிட்டாங்களாமுங்களே அண்ணி. எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டரு சொன்னாரு. இனி மறுபடியும் காசு பெருகி வெல ஏறுமுங்களா?”

பதில் தேடி நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அவளும் அதே நேரத்தில் அங்கேதான் திரும்பியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

“உடனே ஏறாது கண்ணு. சாமான் வரத்து எப்படி இருக்குன்னு பாக்கணும். ரெண்டு மாசத்துல திரும்பச் சொல்லுவாங்கல்ல” என்றேன்.

செல்வி சட்டென்று நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. அவளைக் கண்ணு என்று கூப்பிடுவது நீங்கள்தான்; நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அந்தக் குரலின் இழுவையும் என்னுடையதாக இல்லை.