லேவியின் பங்கு

ஜூன் 9, செவ்.
வெயில் தணியவில்லை. காற்று திரும்பி, தோல் மண்டி நாற்றம் வகுப்பு முழுக்க.

ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் முறை எனக்கு. தலைப்பு: கானான் தேசத்து எல்லைகளும் நம் அன்றாட நடக்கையும். டீச்சரம்மா, "எல்லைன்னா பசங்க தூங்கிடும், ரூத்" என்றார்கள். விடமாட்டேன்.

இதுவரை சேர்த்தது:
தாண் கோத்திரம் — இடம் போதாமல் வடக்கே போய்ப் பிறர் ஊரைப் பிடித்தது. பாடம்: பாயில் இடம் போதாவிட்டால் தம்பியை உதைக்கக் கூடாது. (நேற்று உதைத்தேன்.)
யோசேப்பின் வம்சம் — இடம் பற்றாது என்று முறையிட, காட்டை வெட்டித் திருத்தச் சொன்னார், கோத்திரங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்த யோசுவா. ஆலங்காயம் மலைக்காடு மாதிரி இருந்திருக்கும். பாடம்: கணக்கு வரவில்லை என்று அழாதே, போட்டுப் பார்.
லேவி கோத்திரம் — ஆலய ஊழியம் செய்கிறவர்கள், நிலமே இல்லை. கர்த்தரே பங்கு. எழுதும்போது கண் கலங்கியது.

ஜூன் 10, பு.
தானியேல் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். மண்டியிலிருந்து அப்போதுதான் வந்தான், கையெல்லாம் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கறை. லேவி வரும் இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னான். "போதகரே தோத்துடுவாரு, பாப்பா." எவ்வளவு சந்தோஷம்!

வெள்ளிக்கிழமை பாலாற்றங்கரைக் கழனியைப் பிரிக்கிறார்கள். யோசுவா செய்தது போலவே ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுவது. மூன்று பாகம்: அண்ணன், தம்பி சாமு, நான். என் பாகத்தைக் குத்தகைக்கு விட்டு வேலூரில் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம் என்று நைனா போன வருஷமே சொன்னார். அண்ணனும் கையில் அடித்துச் சொன்னான்.

ஜூன் 12, வெள்.
போதகர் ஐயா வந்தார். ஜெபம். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று சீட்டு எழுதச் சொன்னார்கள். தானியேல். சாமு. மூன்றாவது துண்டில் 'ரூ' வரை எழுதினேன்.

"ரெண்டு போதும்மா." நைனா. என்னைப் பார்க்காமல்.
"இன்னா நைனா, மூணு பாகம்தானே?"
அண்ணன்தான் பதில் சொன்னான், சிரித்துக்கொண்டு. "லேவிக்கு நிலம் எதுக்கு? கர்த்தரே பங்குன்னு நீதானே சொன்ன? ஐயாவுக்குப் படிச்சிக் காட்டு."
ஐயாவும் சிரித்தார். "ஆமென்" வேறு.

கிணற்றுப் பக்கம் அண்ணனுக்கு விழுந்தது.

என் துண்டை அம்மா அடுப்பில் போட்டாள். "அடுத்த மாசம் வாலாஜாபேட்டையிலேர்ந்து உன்னைப் பாக்க வர்றாங்க. அண்ணன்தான் பேசி முடிச்சான். பள்ளிக்கூடம் போதும். மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காதே."
"எப்ப பேசினான்?"
"ஈஸ்டர் முடிஞ்சதுமே."

அப்படியானால் நான் வாசித்தபோது அவனுக்குத் தெரியும். மறுபடி வாசிக்கச் சொன்னானே.

ஜூன் 13, சனி.
சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு.

வேதத்தில் யோசுவாவின் புத்தகத்தைக் கடைசி அதிகாரம் வரை படித்தேன். முன்பு பாதியில் நிறுத்தியிருக்கிறேன், என் தப்பு. லேவிக்கு நிலம் இல்லை, சரி. ஆனால் குடியிருக்க ஊர்கள் உண்டு, ஆடுமாடு மேய வெளிநிலம் உண்டு. ஒவ்வொரு கோத்திரமும் தன் எல்லைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தது. பாடம்: கர்த்தரே உன் பங்கு என்று பிறருக்குச் சொல்லுகிறவன், தன் பங்கிலிருந்து கொடுக்க வேண்டும்.

ஜூன் 14, ஞா.
சொன்னேன், இதையும் சேர்த்து. ஒரு பிள்ளையும் தூங்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியவர்கள் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை.

ஜூன் 15, தி.
தூறல். சாமுவுக்குக் காய்ச்சல். கழனி அளக்கக் கயிறு பிடிக்க ஆளில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு முனை நான், மறு முனை அண்ணன். நடுவில் நைனா, எல்லைக் குச்சியோடு.

"அண்ணா, லேவிக்கு ஊரும் மேய்ச்சலும் கூடப் பொறந்தவங்கதான் குடுத்தாங்க. அவங்கவங்க எல்லையிலேர்ந்து. யோசுவாவுலயே இருக்குது."

நைனா குச்சியை நடாமல் நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு அவனை.

அண்ணன் கயிற்றைத்தான் பார்த்தான். "தொங்குது பாரு. இழுத்துப் பிடி."

நைனா குச்சியை அதே இடத்தில் அடித்து இறக்கினார்.